28 தோல்வியில் நின்ற அதே பிள்ளைகள்



இது கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள்.

வலயமட்டக் கூடைப்பந்தாட்டப் போட்டியில் எங்கள் பையன்கள் ஆடிய எல்லா ஆட்டங்களிலும் தோற்று வந்தது உங்களுக்குத் தெரியும். அதன் பிறகு தேநீர்க்கடையிலும் வட்ஸ்அப் குழுக்களிலும் நடக்கும் பேச்சும் தெரியும். "இந்த பெட்ச் சரிவராது." "கோச்ச மாத்துங்க." "பாஸ்கட்போல விட்டுட்டு அந்தக் காச கிரிக்கெட்டுக்குப் போடுங்க." மறைப்பதற்கு ஒன்றுமில்லை, ஆசிரியர் அறையில் நாங்களும் இதையேதான் பேசினோம். "இவனுகளிடம் ஒன்றும் இல்லை" என்ற சொல் எங்கள் வாயிலிருந்தும் வந்தது.

அந்த வாரத்தில்தான் தரம் 11 மாணவன் ஒருவன் ஒரு கேள்வியோடு வந்தான். "சேர், ஒரு வருஷம் 14 மட்ச் மட்டும் வென்ற டீம் அடுத்த வருஷம் 44 மட்ச் வென்றிருக்கு. எப்படி சேர்?" அவன் கேட்டது அமெரிக்காவின் டெட்ரொய்ட் பிஸ்டன்ஸ் அணியைப் பற்றி. அந்த நேரத்தில் எங்களிடம் பதில் இருக்கவில்லை. பிறகு நாங்கள் மூன்று ஆசிரியர்கள் சேர்ந்து அந்த அணியின் இரண்டு பருவகாலங்களையும் உட்கார்ந்து பார்த்தோம். பார்த்து முடித்தபோது எங்கள் வாயிலிருந்து வந்த அந்தச் சொல்லை நினைத்து வெட்கமாக இருந்தது.

வருகிற வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு பழைய மாணவர் சங்கம் நம் அணியின் விடயத்தைப் பேசக் கூடுகிறது. அதற்கு முன் அந்த மாணவனுக்குச் சொன்ன பதிலை உங்களுக்கும் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

யார் இந்த அணி?

டெட்ரொய்ட் என்றால் கார்த் தொழிற்சாலைகளின் நகரம். அதை ஒட்டியிருக்கும் டியர்போர்ன் நகரை, அரபு முஸ்லிம்கள் பெருமளவில் வாழும் ஊர் என்று நம்மில் பலர் கேள்விப்பட்டிருப்போம். அணியின் பெயரும் கார் எஞ்சினுக்குள் இருக்கும் பிஸ்டன்தான். அணியைத் தொடங்கிய முதலாளி பிஸ்டன் உற்பத்தி செய்தவர். 1957இல் அணி டெட்ரொய்டுக்கு வந்தது. 1989, 1990, 2004 ஆகிய ஆண்டுகளில் என்.பி.ஏ கிண்ணத்தை வென்றது. ஆகவே பழைய பெருமைக்குக் குறைவில்லை. நம் பாடசாலையைப் போலவே என்று வைத்துக்கொள்ளுங்கள்.

2008க்குப் பிறகு வீழ்ச்சி. பயிற்றுவிப்பாளர்கள் ஏழெட்டுப் பேர் வந்தார்கள், போனார்கள். இறுதிச் சுற்றுகளுக்குள் மூன்று தடவை எட்டிப் பார்த்தார்கள். அங்கே ஒரு ஆட்டத்தைக்கூட வெல்லவில்லை.

பிறகு வந்தது 2023-24 பருவகாலம். புதிய பயிற்றுவிப்பாளர் மொன்ரி வில்லியம்ஸ். ஆறு வருடத்துக்கு 78.5 மில்லியன் டொலர் ஒப்பந்தம் என்று செய்தி. அவர் ஏனோதானோ ஆளில்லை. பீனிக்ஸ் அணியை ஒரே பருவகாலத்தில் 64 வெற்றிகளுக்குக் கொண்டுபோய், 2022இல் ஆண்டின் சிறந்த பயிற்றுவிப்பாளர் விருது பெற்றவர். டெட்ரொய்டில் முதல் மூன்று ஆட்டங்களில் இரண்டை வென்றார்கள். "ஆ, வந்துவிட்டோம்" என்று ரசிகர்கள் நினைத்தார்கள்.

அதன் பிறகு தொடர்ந்து 28 தோல்விகள். ஒக்டோபர் கடைசியில் ஆரம்பித்து டிசம்பர் கடைசி வரை ஒரு வெற்றிகூட இல்லை. ஒரே பருவகாலத்துக்குள் இவ்வளவு நீளமான தோல்வித் தொடர் என்.பி.ஏ வரலாற்றில் அதற்கு முன் இருந்ததில்லை. 28ஆவது தோல்வியைக் கேளுங்கள். பலம் வாய்ந்த பொஸ்டன் அணிக்கு எதிராக, பாதி ஆட்டம் முடிந்த நேரத்தில் 19 புள்ளிகள் முன்னிலை. அதையும் கைவிட்டு, மேலதிக நேரத்தில் தோற்றார்கள். சொந்த அரங்கிலேயே ரசிகர்கள் "அணியை விற்றுவிடு" என்று முதலாளியைப் பார்த்துக் கத்திய காலம் அது. 2023 டிசம்பர் 30இல் ரொறன்ரோவை 129-127 என்று இரண்டு புள்ளியால் வென்றபோதுதான் மூச்சு வந்தது.

பருவகாலம் முடிந்தபோது 82 ஆட்டங்களில் 14 வெற்றி, 68 தோல்வி. சராசரியாக ஒரு ஆட்டத்துக்குச் சுமார் 9 புள்ளிகளால் தோற்ற அணி.

அடுத்த பருவகாலம் 44 வெற்றி, 38 தோல்வி. முழுமையான 82 ஆட்டப் பருவகாலத்தில், முந்தைய வருட வெற்றிகளை மூன்று மடங்குக்கு மேல் கூட்டிய முதல் அணி இதுதான்.

புது நட்சத்திரம் வந்தாரா?

நாங்கள் முதலில் தேடியது இதைத்தான். நம் ஊர் மனசு அப்படித்தானே வேலை செய்கிறது. ஒரு அணி முன்னேறியது என்றால் எங்கிருந்தோ ஒரு பெரிய ஆட்டக்காரனைக் கொண்டுவந்திருப்பார்கள் என்று நினைப்போம்.

என்.பி.ஏயில் மோசமாகத் தோற்ற அணிகளுக்கு ஒரு சலுகை உண்டு. புதிதாக வரும் இளைஞர்களைத் தெரிவு செய்யும் "டிராப்ட்" குலுக்கலில் அவர்களுக்கு வாய்ப்பு அதிகம். ஆனாலும் கடைசி இடத்து அணிக்கு முதல் தெரிவு கிடைக்கும் வாய்ப்பு 14 சதவீதம்தான். டெட்ரொய்ட் 2023இலும் 2024இலும் கடைசி இடம். இரண்டு வருடமும் குலுக்கலில் கிடைத்தது ஐந்தாவது தெரிவு. கடைசி இடத்து அணிக்கு அதைவிடக் கீழே விழ முடியாது. இரண்டு தடவையும் அடிமட்டத்துக்கே விழுந்தார்கள்.

ஆகவே வானத்திலிருந்து யாரும் இறங்கி வரவில்லை. 44 ஆட்டம் வென்ற அணியின் நடுமரம் யார் என்று பாருங்கள். கேட் கன்னிங்ஹாம், ஜேலன் டூரன், ஜேடன் ஐவி, ஐசேயா ஸ்டூவர்ட், ஓசார் தொம்ப்சன். ஐந்து பேரும் 14 ஆட்டம் வென்ற அணியிலும் இருந்தவர்கள். 28 தோல்வியையும் உடம்பில் வாங்கியவர்கள். பிள்ளைகள் அதே பிள்ளைகள்தான்.

மாறியது அவர்களைச் சுற்றி இருந்தது. இந்தப் பதிவில் நாங்கள் சொல்ல வருவது அந்த ஒன்றைத்தான்.

முதலாவது: மூச்சுவிட இடம்

கூடைப்பந்தாட்டம் இடத்துக்கான விளையாட்டு. கேட் கன்னிங்ஹாம் பந்தோடு வளையத்தை நோக்கிப் போகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவனோடு ஆடும் மற்ற நால்வருக்கும் தூரத்திலிருந்து எறியத் தெரியாவிட்டால், அவர்களைக் காவல் காக்க வேண்டியவர்கள் தங்கள் இடத்தை விட்டுவிட்டு நடுவே வந்து கூடிவிடுவார்கள். ஒருவனுக்கு எதிராக மூன்று பேர். 2023-24இல் நடந்தது அதுதான். தூரத்து எறிகையில் லீக்கின் கடைசி வரிசையில் இருந்த அணி அது. கேட் முன்னே போனால் சுவர், பின்னே வந்தால் ஆளில்லை. பந்து பறிபோகும். பார்ப்பவர்கள் "இவனுக்கு ஆடத் தெரியாது" என்பார்கள்.

2024 கோடையில் அணியின் நிர்வாகத் தலைவராக ட்ரஜான் லங்டன் வந்தார். அவர் செய்த வேலை பத்திரிகைத் தலைப்புகளில் பெரிதாக வரும் வேலையே அல்ல. மலிக் பீஸ்லி என்ற எறிகை வீரரை ஒரு வருடத்துக்கு 6 மில்லியன் டொலருக்கு எடுத்தார். அந்த லீக்கின் சம்பளக் கணக்கில் இது சில்லறை. டலஸ் அணியிலிருந்து டிம் ஹார்டவே ஜூனியரை மாற்றத்தில் வாங்கினார். பந்து எறிவதைச் சொல்லிக் கொடுப்பதற்கென்றே பெயர் பெற்ற பிரெட் வின்சன் என்ற உதவிப் பயிற்றுவிப்பாளரையும் கொண்டுவந்தார்.

பீஸ்லி அந்தப் பருவகாலத்தில் 319 மூன்று புள்ளி எறிகைகளைப் போட்டார். டெட்ரொய்ட் அணியின் வரலாற்றிலேயே அதிகம். முழு லீக்கிலும் இரண்டாமிடம், முதலிடத்தவருக்கு ஒன்றே ஒன்றுதான் குறைவு. அந்த 319ஐ விடப் பெரிய உதவி அவர் மூலையில் நின்ற நிலைதான். அவரை விட்டுவிட்டு யாராலும் நடுவே ஓடி வர முடியாது. சுவர் விலகியது. கேட்டுக்குப் பாதை திறந்தது.

கேட்டின் கணக்கைப் பாருங்கள். முந்தைய வருடம் ஆட்டத்துக்கு 22.7 புள்ளி, 7.5 உதவிப் பந்து. அடுத்த வருடம் 26.1 புள்ளி, 9.1 உதவிப் பந்து. முதல் தடவையாக ஓல்-ஸ்டார் ஆட்டத்துக்குத் தெரிவானான். பையன் வேறொருவனாக மாறிவிடவில்லை. அவனுக்குள் இருந்தது வெளியே வர இடம் கிடைத்தது.

வகுப்பறையிலும் இதைத்தான் பார்க்கிறோம். சிறிய வீட்டில் பத்துப் பேருக்கு நடுவே, மேசையில்லாமல் படிக்கும் பிள்ளையைப் பார்த்து "மூளையில்லை" என்று எழுதிவிடுகிறோம். மூளைக்கு முன்னால் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று எண்ணிப் பார்ப்பதில்லை.

இரண்டாவது: பக்கத்தில் நின்ற மூத்தவர்கள்

28 தோல்விக் காலத்தில் அந்த அணி லீக்கின் மிக இளைய அணிகளில் ஒன்று. இருபது, இருபத்தொரு வயதுப் பையன்கள். அவர்களுக்கு வழிகாட்ட வேண்டிய மூத்தவர்களில் பொயான் பொக்டனோவிச்சும் மொன்ரே மொரிசும் பருவகாலம் ஆரம்பிக்கும்போதே காயத்தோடு வெளியே. நியாயமாகச் சொன்னால், பொக்டனோவிச் டிசம்பரில் திரும்பி வந்த பிறகும் தோல்வி நிற்கவில்லை. ஒரு மூத்தவர் வந்து நின்றால் மட்டும் போதாது என்பதும் இதிலிருந்து தெரிகிறது.

அடுத்த வருடம் டொபியாஸ் ஹரிஸ் வந்தார். முப்பதைத் தாண்டியவர். முன்பு இதே டெட்ரொய்டில் ஆடி, வேறு அணிக்கு அனுப்பப்பட்டவர். ஒருவகையில் பழைய மாணவர் என்றே சொல்லலாம். அவரோடு ஹார்டவே, பீஸ்லி. பருவகாலத்தின் நடுவில் ஜேர்மனியின் டெனிஸ் ஷ்ரூடரும் சேர்ந்தார். யாரும் முதல்தர நட்சத்திரம் இல்லை. ஆனால் எல்லோரும் தோல்வியையும் வெற்றியையும் பார்த்துப் பழகியவர்கள்.

மூத்தவர் என்ன செய்வார்? ஆட்டத்தின் கடைசி ஐந்து நிமிடத்தில் பதற மாட்டார். எங்கே நிற்க வேண்டும் என்று தெரிந்து நிற்பார். ஒரு பிழை நடந்தால் தலையைத் தொங்கப் போடாமல் திரும்பி ஓடுவார். பக்கத்தில் ஆடும் பையன் அதைப் பார்க்கிறான். முன்னர் 19 புள்ளி முன்னிலையைக் கைவிட்ட அணி, இப்போது நெருக்கமான ஆட்டங்களை வெல்லப் பழகியது. கரும்பலகையில் எழுதிக் கொடுக்க முடியாத பாடம் இது. பக்கத்தில் ஒருவர் நின்று ஆடினால்தான் ஒட்டும்.

2025 ஜனவரி முதலாம் திகதி ஜேடன் ஐவியின் கால் எலும்பு முறிந்தது. ஆட்டத்துக்கு 17 புள்ளிக்கு மேல் எடுத்துக்கொண்டிருந்த பையன். முந்தைய வருடமாக இருந்தால் அணி அதோடு படுத்திருக்கும். இந்தத் தடவை பெப்ரவரியில் தொடர்ந்து 8 ஆட்டங்களை வென்றார்கள். ஒருவன் விழுந்தாலும் தாங்கும் அளவுக்குச் சுற்றிலும் ஆட்கள் இருந்தார்கள்.

மூன்றாவது: தினமும் செய்யும் சின்ன வேலைகள்

மொன்ரி வில்லியம்ஸ் ஒரே வருடத்தில் நீக்கப்பட்டார். ஒப்பந்தத்தில் 65 மில்லியன் டொலருக்கு மேல் மீதி இருந்த நிலையில்! அவருக்குப் பதில் வந்தவர் ஜே.பி. பிக்கர்ஸ்டாப். அவரும் கிளீவ்லண்ட் அணியால் அப்போதுதான் வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்.

அவர் பிடித்த பிடி தடுப்பாட்டம். எறிகை ஒரு நாள் விழும், ஒரு நாள் விழாது. ஆனால் ஓடித் திரும்புவது, எதிரணிக்காரன் முன்னால் உடம்பைக் கொண்டுபோய் நிறுத்துவது, விழுந்த பந்துக்குப் பாய்வது ஆகிய மூன்றையும் தினமும் செய்ய முடியும். அதற்குத் திறமை குறைவாக இருந்தாலும் மனம் இருந்தால் போதும். ஓசார் தொம்ப்சன் முந்தைய வருடம் இரத்தக்கட்டியால் பருவகாலத்தை இடைநடுவில் நிறுத்திய பையன். அவன் நவம்பரில் திரும்பி வந்து எதிரணியின் சிறந்த வீரர்களைக் காவல் காத்தான். ஸ்டூவர்ட் வளையத்தடியில் காவல். ஒரு வருடத்துக்கு முன் தடுப்பாட்டத்தில் லீக்கின் கடைசி வரிசையில் இருந்த அணி, இப்போது மேல்பாதிக்கு வந்தது.

இந்த அணியும் அந்தப் பருவகாலத்தை எப்படி ஆரம்பித்தது தெரியுமா? முதல் நான்கு ஆட்டமும் தோல்வி! நம் ஊராக இருந்தால் ஐந்தாவது ஆட்டத்துக்கு முன் அவசரக் கூட்டம் போட்டிருப்போம். அங்கே வேலையைத் தொடர்ந்தார்கள். ஐந்தாவது ஆட்டத்தை வென்றார்கள்.

"அப்படியென்றால் கோச்சை மாற்றியதுதானே காரணம்?"

ஆசிரியர் அறையில் ஒருவர் உடனே கேட்டார். நியாயமான கேள்வி. பயிற்றுவிப்பாளர் மாற்றம் உதவியது என்பதை மறுக்கவில்லை. ஆனால் இரண்டு விடயங்களைக் கவனியுங்கள்.

ஒன்று, நீக்கப்பட்டவர் ஆண்டின் சிறந்த பயிற்றுவிப்பாளர் விருது பெற்றவர். நல்ல ஆளாலும் எறியத் தெரிந்தவர்கள் இல்லாத, மூத்தவர்கள் காயப்பட்டுக் கிடந்த அணியை நிமிர்த்த முடியவில்லை. அவர் பிழையே விடவில்லை என்று சொல்லவில்லை. ஐவியை ஆரம்பத்தில் வெளியே உட்கார வைத்தது போன்ற முடிவுகளுக்காக நிறைய விமர்சனம் வாங்கினார்.

இரண்டு, பிக்கர்ஸ்டாப்பை நீக்கிய கிளீவ்லண்ட் அணியும் அதே வருடம் 48 வெற்றியிலிருந்து 64 வெற்றிக்கு முன்னேறியது! நீக்கிய அணியும் உயர்ந்தது, நீக்கப்பட்டவர் போய்ச் சேர்ந்த அணியும் உயர்ந்தது. அந்த வருடத்தின் சிறந்த பயிற்றுவிப்பாளர் விருதுக்கான கடைசி மூவரில் பிக்கர்ஸ்டாப்பும் இருந்தார், கிளீவ்லண்டில் அவருடைய கதிரையில் உட்கார்ந்தவரும் இருந்தார். ஆகவே "நல்ல கோச், கெட்ட கோச்" என்று பிரிப்பது அவ்வளவு இலகுவல்ல. எந்த ஆள் எந்தப் பிள்ளைகளுக்கு, எந்த நேரத்தில் பொருந்துகிறார் என்பதே கேள்வி.

"காசுதானே?"

இதுவும் கேட்கப்பட்டது. காசு இல்லாமல் எதுவும் நடக்காது, உண்மை. ஹரிசுக்கு மட்டும் இரண்டு வருடத்துக்கு 52 மில்லியன். ஆனால் அதே 2024-25இல் பீனிக்ஸ் அணியைப் பாருங்கள். கெவின் டுராண்ட், டெவின் புக்கர், பிராட்லி பீல் என்று மூன்று பெரிய பெயர்கள். லீக்கிலேயே மிகப் பெரிய சம்பளப் பட்டியல். கிடைத்தது 36 வெற்றி. இறுதிச் சுற்றுகளுக்குள்ளேயே வரவில்லை. காசை எங்கே போடுகிறோம் என்பதில்தான் விடயம் இருக்கிறது. பெயருக்குப் போட்டால் பெயர் கிடைக்கும். இருக்கிற பிள்ளைகளிடம் எது குறைவு என்று பார்த்து அந்த ஓட்டையை அடைக்கப் போட்டால் அணி கிடைக்கும்.

அதிர்ஷ்டமும் கொஞ்சம் இருந்தது. 2022-23இல் சத்திரசிகிச்சையால் 12 ஆட்டம் மட்டுமே ஆடிய கேட், 2024-25இல் 70 ஆட்டம் ஆடும் அளவுக்கு உடல்நலத்தோடு இருந்தான். வயதும் கூடியது. 20 வயதில் தடுமாறிய பையன் 23 வயதில் நிமிர்வது இயல்பு. அதையும் கணக்கில் எடுக்கத்தான் வேண்டும். ஆனால் வயது வரும்வரை அவனை வைத்திருந்தார்களே, அதைக் கவனியுங்கள். 14 வெற்றி வருடம் முடிந்த கையோடு அவனோடு ஐந்து வருடத்துக்கு 224 மில்லியன் டொலர் ஒப்பந்தம் போட்டார்கள். தோல்வியின் அடியில் நின்றுகொண்டு "நீதான் எங்கள் ஆள்" என்று சொன்னார்கள். அந்த வார்த்தைக்கு என்ன பலம் என்பது, தோற்ற பிள்ளையின் முகத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

கடைசியில் கிண்ணம் வென்றார்களா?

இல்லை. இதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கிழக்குப் பிரிவில் ஆறாமிடம் பெற்று, முதல் சுற்றில் நியூயோர்க்கைச் சந்தித்தார்கள். முதல் ஆட்டத்தில் கடைசிக் காற்பகுதியில் நியூயோர்க் தொடர்ந்து 21 புள்ளி எடுக்க, இவர்கள் ஒன்றும் எடுக்காமல் நின்று தோற்றார்கள். இரண்டாவது ஆட்டத்தை நியூயோர்க்கின் சொந்த அரங்கிலேயே 100-94 என்று வென்றார்கள். 2008க்குப் பிறகு இறுதிச் சுற்றுகளில் டெட்ரொய்டின் முதல் வெற்றி அது. அங்கே தொடர்ந்து 15 தோல்வி என்ற இன்னொரு கறையும் அன்று கழன்றது.

நான்காவது ஆட்டத்தில் ஒரே ஒரு புள்ளியால் தோல்வி. கடைசி நொடியில் ஹார்டவே எறியும்போது எதிரணி வீரர் மோதியதற்குத் தண்டனை கொடுத்திருக்க வேண்டும் என்று நடுவரே ஆட்டம் முடிந்த பிறகு ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்டாலும் முடிவு மாறவில்லை. ஆறாவது ஆட்டம் சொந்த ஊரில், 116-113. மூன்று புள்ளியால் தோற்று வெளியே போனார்கள்.

ஆனால் இந்தத் தடவை அந்த அரங்கில் "அணியை விற்றுவிடு" என்று யாரும் கத்தவில்லை. முன்னேற்றம் என்றால் கிண்ணம் மட்டும்தான் என்று நினைப்பவர்கள் இதை ஒரு தடவை யோசிக்க வேண்டும்.

இனி நம் பிள்ளைகள்

என்.பி.ஏயையும் நம் சீமெந்துத் தரை மைதானத்தையும் ஒப்பிடுவது சிலருக்குச் சிரிப்பாக இருக்கலாம். அவர்களிடம் மில்லியன், நம்மிடம் வளையத்தில் வலை கூட இல்லை. ஆனால் அந்த மாணவன் கேட்ட கேள்விக்குக் கிடைத்த பதில் காசைப் பற்றியது அல்ல. பிள்ளைகளைக் குறை சொல்லும் முன் அவர்களைச் சுற்றிப் பார் என்பதே பதில்.

நாங்கள் சுற்றிப் பார்த்தோம். இந்தப் பையன்கள் போட்டிக்குப் போகும்வரை தங்களைவிடப் பெரியவர்களோடு ஒரு ஆட்டம்கூட ஆடியதில்லை. மஃரிபுக்கு முன் ஒரு மணித்தியாலம் தங்களுக்குள்ளேயே ஆடிவிட்டுப் போவார்கள். தூரத்திலிருந்து எறிவதை யாரும் ஒழுங்காகச் சொல்லிக் கொடுக்கவில்லை. பயிற்சிக்குப் பொறுப்பான ஆசிரியர் கணிதப் பாடத்தையும் பார்த்துக்கொண்டு இதையும் பார்க்கிறார். தோற்று வந்த அன்று பஸ்ஸிலிருந்து இறங்கிய பையன்களைப் பார்த்து "பரவாயில்லை தம்பி" என்று சொல்ல வாசலில் ஒரு ஆள் இருக்கவில்லை. நாங்களும் இருக்கவில்லை. அது எங்கள் பிழை. அதை முதலில் ஏற்றுக்கொள்கிறோம்.

ஆகவே வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் நாங்கள் மூன்று விடயங்களைக் கேட்கப் போகிறோம்.

அணியைக் கலைக்க வேண்டாம். இந்தப் பையன்களில் பெரும்பாலானோருக்கு இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது. 14 வெற்றி வருடத்தில் டெட்ரொய்ட் தன் பிள்ளைகளைக் கலைத்திருந்தால் 44 வந்திருக்காது.

பழைய மாணவர்களே, கிண்ணமும் ஜேர்சியும் வாங்கித் தர நீங்கள் எப்போதும் முன்வருகிறீர்கள், நன்றி. இந்தத் தடவை காசுக்கு முன் உங்கள் கால்களைக் கேட்கிறோம். உங்களில் பாடசாலைக்கு ஆடியவர்கள் பலர் இருக்கிறீர்கள். வாரத்துக்கு இரண்டு மாலை வந்து இந்தப் பையன்களோடு ஆடுங்கள். வெளியே நின்று புத்தி சொல்ல வேண்டாம், உள்ளே இறங்கி ஆடுங்கள். வயிறு கொஞ்சம் முன்னுக்கு வந்திருந்தாலும் பரவாயில்லை. எங்கே நிற்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும், அவர்களுக்கு அதுதான் தெரியாது.

பெற்றோரே, பயிற்சி நாளில் பிள்ளையை டியூசனுக்கும் கடைக்கும் இழுக்காமல் அந்த ஒரு மணித்தியாலத்தை விட்டுக்கொடுங்கள். தோற்று வீட்டுக்கு வந்தால் புள்ளியைக் கேட்பதற்கு முன் சாப்பிட்டானா என்று கேளுங்கள்.

அடுத்த வருடம் எல்லாவற்றையும் வெல்வோம் என்று நாங்கள் வாக்குத் தரவில்லை. முதல் நான்கு ஆட்டமும் தோற்கலாம். தோற்றால் ஐந்தாவதுக்குத் தயாராவோம்.

அந்தத் தரம் 11 மாணவனிடம் இந்தப் பதிலை எல்லாம் சொல்லி முடித்தபோது அவன் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றான். பிறகு கேட்டான், "அப்ப எங்கள வெச்சிக்கிட்டே செய்யலாமா சேர்?"

செய்யலாம் மகனே. உங்களை வைத்துக்கொண்டுதான் செய்ய வேண்டும்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து பாடசாலை மண்டபத்தில் சந்திப்போம். ஆட்டச் சப்பாத்து வைத்திருப்பவர்கள் அதையும் கையோடு கொண்டு வாருங்கள்.